முதல் வேலையில் கற்றது கடைசி வரை வருமா? ஓசூர், சானமாவு இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூவோ, ஐடிஐயோ, டிப்ளமோவோ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறுவது ஓசூர் வட்டாரத்தில் தினசரி காட்சி. ஓராண்டு, இரண்டாண்டு ஓடும். பயிற்சிக் காலம் முடிந்தது என்று சொல்வார்கள், அல்லது கான்ட்ராக்ட் முடியும். அடுத்த கம்பெனி வாசலில் மறுபடியும் அதே கேள்வி: "என்ன எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு தம்பி?"

"சும்மா லைன்ல நின்னேன் சார்" என்றுதான் பலரும் பதில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஓராண்டில் அவர்கள் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. அது என்ன, ஏன் அது ஆயுளுக்கும் கூட வருகிறது, அதைக் கையில் ஆதாரமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

- மெஷின் மாறும், மாடல் மாறும். அளப்பது, தவறைச் சொல்வது, ஒப்படைப்பது, பாதுகாப்பாக வேலை செய்வது ஆகிய பழக்கங்கள் எந்த வேலைக்கும் பொருந்தும்.
- அப்ரண்டிஸ், கம்பெனி ட்ரெய்னி, கான்ட்ராக்ட் தொழிலாளி மூன்றும் ஒன்றல்ல. உரிமைகளும் ஒன்றல்ல.
- கற்ற திறமைக்கு காகிதம் இல்லையென்றால், அடுத்த வேலையில் மறுபடியும் புது ஆள் சம்பளம்தான்.

சானமாவில் முதல் வேலை என்றால் எது?

ஓசூர் - ராயக்கோட்டை சாலையில் உள்ள சானமாவு என்றதும் செய்தி பார்ப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது யானைகள்தான். ஜவளகிரி, தளி வழியாக வரும் யானைக் கூட்டங்கள் மழைக்காலம் முடியும் நேரத்தில் சானமாவு காப்புக்காட்டில் முகாமிடும். ராகி அறுவடை நேரம் என்றால் விவசாயிகளுக்குத் தூக்கம் இருக்காது.

அதே சாலையில்தான் தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகளும் ஓடுகின்றன. ஒரு பக்கம் ராகி, தக்காளி, பூ, காய்கறி. இன்னொரு பக்கம் வாகன உதிரிபாகம், செல்போன் பாகம், வாட்ச். இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை ஆலையில் தொடங்குவதே இல்லை. வீட்டுத் தோட்டத்தில் தக்காளி பறித்து, காய் வாரியாகத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பும்போதே தொடங்கிவிடுகிறது.

அடிபட்ட காயை எடுத்துப் போட்டுவிட்டு நல்ல காயை மட்டும் பெட்டியில் வைக்கும் அந்தக் கை, பிறகு ஆலையில் கீறல் விழுந்த பாகத்தை ஒதுக்கும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆலையில் அதற்குப் பெயர் 'இன்ஸ்பெக்‌ஷன்'. தோட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூர் எப்படி 'முதல் வேலை' ஊரானது?

சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை உருவானது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே காலத்தில் வந்தது. அப்போது இந்தப் பகுதி தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான்.

முதல் வேலை பற்றிப் பேசும்போது ஓசூரில் தவிர்க்க முடியாத உதாரணம் டைட்டன். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் இது. வாட்ச் ஆலை இந்தப் பகுதிக்கே புதிது. அனுபவசாலிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்புவதற்குப் பதிலாக, பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை, அதிலும் கிராமப்புறத்தினரை, எடுத்துப் பயிற்சி கொடுத்தது நிறுவனம். வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் ஸ்தானத்தில் தம்பதிகளை அமர்த்தியதும் டைட்டனின் வரலாற்றில் பேசப்படும் விஷயம்.

2002-ல் டைட்டன் எட்ஜ் வந்தது. மொத்த வாட்சின் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரத்தின் தடிமன் வெறும் 1.15 மில்லிமீட்டர். வாட்சை அதற்கு முன் கையில் கட்டியதோடு சரி என்றிருந்த ஊரிலிருந்து, 15 ஆண்டுகளில் இந்த அளவு நுணுக்கம் வந்தது. பயிற்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மெஷின் மாறும், எது மாறாது?

ஓர் ஆலையில் ஓட்டிய மெஷின் அடுத்த ஆலையில் இருக்காது. பெட்ரோல் வண்டிக்கு பாகம் செய்தவர் நாளை மின்சார ஸ்கூட்டர் லைனில் நிற்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த மாற்றம் கண்முன்னே நடக்கிறது. ஆனால் கீழே உள்ள ஏழும் எங்கே போனாலும் கூடவே வரும்.

1. அளந்து பேசுவது

"கொஞ்சம் பெருசா இருக்கு", "சரியாத்தான் இருக்கும்" என்பதெல்லாம் ஆலைக்குள் செல்லாது. வெர்னியர் காலிபர் பொதுவாக 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். மைக்ரோமீட்டர் 0.01 வரை காட்டும். நோட்டுத் தாள் ஒன்றின் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும்.

டிராயிங்கில் 20 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.05 என்று போட்டிருந்தால், 19.95 முதல் 20.05 வரை பாஸ். 20.06 வந்தால் ரிஜெக்ட். இங்கே 'பரவாயில்லை' என்ற வார்த்தைக்கே இடமில்லை. இந்தப் பழக்கம் வந்தவர் பிற்காலத்தில் மளிகைக் கடை வைத்தாலும், வீடு கட்டினாலும், மேஸ்திரியிடம் "எத்தனை இன்ச்?" என்றுதான் கேட்பார்.

2. தவறை மறைக்காமல் சொல்வது

இருப்பதிலேயே கஷ்டமான பாடம் இதுதான். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பாகத்தைக் கெடுத்துவிட்டால், முதலில் தோன்றுவது அதை நல்ல பாகங்களுக்கு நடுவில் தள்ளிவிடலாமா என்பதுதான். அப்படிப் போன ஒரு பாகம் பிரேக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால், ரிஜெக்ட் பாகங்களுக்குத் தனியாகச் சிவப்புத் தொட்டி வைப்பது ஏன் என்பது விளங்கும்.

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் லைனையே நிறுத்தலாம். அந்த முறையின் சாயலில் விளக்கும் பொத்தானும் இங்குள்ள பல ஆலைகளிலும் உண்டு. "அண்ணா, இந்த பீஸ் சரியில்ல, பாருங்க" என்று முதல் மாதத்திலேயே சொல்லப் பழகியவரை லைன் லீடர்கள் நம்புவார்கள். தவறைச் சொன்னால் திட்டு விழும் இடத்தில் இந்தத் திறமை வளராது. வளர்வது மறைக்கும் திறமைதான். இதில் கற்பவரை விட, கற்றுக்கொடுக்கும் சூப்பர்வைசருக்குப் பொறுப்பு அதிகம்.

3. பொருளுக்கு ஒரு இடம்

'5எஸ்' என்று ஆலைச் சுவர்களில் எழுதியிருக்கும். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்கள். தேவையில்லாததை நீக்கு, இருப்பதை ஒழுங்காக அடுக்கு, சுத்தம் செய், அதையே முறையாக்கு, அதைப் பழக்கமாக்கு. இதுதான் அர்த்தம்.

ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அடுத்தவருக்கு ஐந்து நிமிடம் வீண். இந்தியத் தர மேலாண்மையில் ஓசூருக்குத் தனிப் பெயரே உண்டு. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இத்தகைய பெரிய விருதுகளுக்கு அடியில் இருப்பது ஸ்பேனரை இடத்தில் வைக்கும் இந்தச் சின்னப் பழக்கம்தான்.

4. ஷிப்ட் ஒப்படைப்பது

இரவு ஷிப்ட் முடிந்து கிளம்புபவர், காலை ஷிப்ட் ஆளிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு: எத்தனை பீஸ் முடிந்தது, எந்த மெஷின் தொந்தரவு செய்தது, எது பாதியில் நிற்கிறது. "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், வருபவர் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

நான்கு வரியில், நடந்ததை நடந்தபடி, அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவதும் சொல்வதும் ஒரு தனித் திறமை. மருத்துவமனையில் நர்ஸாகப் போனாலும், ஐடி அலுவலகத்துக்குப் போனாலும், ஹோட்டலில் சேர்ந்தாலும் இது வேண்டும்.

5. உடம்பைக் காப்பது

மெஷினைச் சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டுவது, தளர்ந்த துப்பட்டாவையும் வளையலையும் தவிர்ப்பது, சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே போகாமல் இருப்பது. ஆரம்பத்தில் இதெல்லாம் தொந்தரவாகத் தெரியும்.

2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே நாகமங்கலத்தில் உள்ள செல்போன் உதிரிபாக ஆலையில் பெரிய தீ விபத்து ஏற்பட்டது. தொழிலாளர்கள் உடனடியாக வெளியேற்றப்பட்டனர். தீ ஒத்திகை நாளில் "இதெல்லாம் எதுக்கு" என்று சலித்துக்கொள்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே போகும் வழி எங்கே என்று கண் தானாகத் தேடினால், அது முதல் வேலை கொடுத்த சொத்து.

சானமாவு பகுதிக்கு இதில் கூடுதல் பாடமும் உண்டு. யானை நடமாட்டம் இருப்பதாக வனத்துறை எச்சரிக்கை வந்த நாளில் அதிகாலை ஷிப்ட்டுக்கு பைக்கில் தனியாகக் கிளம்பக் கூடாது. ஷிப்ட்டுக்கு நேரமானாலும் காத்திருந்து கூட்டமாகப் போவதும், சூப்பர்வைசருக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்வதும்தான் சரி.

6. நாலு மொழிக்கு நடுவில் வேலை பார்ப்பது

ஓசூர் வீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். ஆலைக்குள் இந்தியும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்பவர் ஒடிசாவோ பீகாரோ ஆக இருக்கலாம். ஒரு மொழியில் முழுதாகப் பேசத் தெரிந்தவரை விட, நாலு மொழியில் "நிறுத்து, பார்த்து, சூடு, கொண்டா" சொல்லத் தெரிந்தவர் அங்கே வேலையை வேகமாக முடிப்பார். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கம் வேலை தேடும்போது இதன் மதிப்பு தெரியும்.

7. சம்பளச் சீட்டைப் படிப்பது

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு பிடித்தார்கள், இஎஸ்ஐ உண்டா, கேன்டீன், பஸ்ஸுக்கு எவ்வளவு போனது என்பதைப் படிக்கத் தெரிவதும் திறமைதான். பிஎஃப் பிடித்தம் பொதுவாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். அதற்கான யுஏஎன் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. முதல் வேலையில் வாங்கிய எண்ணைத் தொலைத்துவிட்டு அடுத்த இடத்தில் புதிதாக இன்னொன்று தொடங்கினால், பழைய பணத்தை எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

இவ்வளவு கற்றும் ஏன் மறுபடி பூஜ்யத்திலிருந்து?

சிக்கல் இங்கேதான். கையில் இருக்கும் திறமை கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் கிடைக்குமா என்பது எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்ரண்டிஸ்: தமிழில் தொழிற்பழகுநர். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான ஒப்பந்தம் இருக்கும். 30 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். சட்டப்படி இவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால் பிஎஃப், இஎஸ்ஐ பொதுவாகப் பொருந்தாது. ஆனால் வேலையிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஐடிஐ தொழிற்பிரிவுகளில் பயிற்சியை முடித்துத் தேர்வில் வென்றால் நாடு முழுக்கச் செல்லும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும்.

கம்பெனி ட்ரெய்னி: பெயரில் மட்டும் பயிற்சி இருக்கலாம். அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு இல்லையென்றால் அரசுச் சான்றிதழ் கிடையாது. நிறுவனம் கொடுக்கும் கடிதம்தான் ஆதாரம்.

கான்ட்ராக்ட் தொழிலாளி: நிற்பது பெரிய கம்பெனி லைனில். ஆனால் சம்பளம் கொடுப்பது கான்ட்ராக்டர். அனுபவக் கடிதமும் பிஎஃப் பதிவும் கான்ட்ராக்டர் பெயரில்தான் வரும். அதனால் கான்ட்ராக்டர் பெயர், எந்த ஆலை, எந்தப் பிரிவு என்று மூன்றும் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றில் எதில் சேர்ந்தாலும் முதல் நாளே கேட்க வேண்டியது நியமனக் கடிதம் அல்லது ஒப்பந்தப் பிரதி. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்களுக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியுள்ளன.

உதவித்தொகை எவ்வளவு?

2019-ம் ஆண்டு விதிகளின்படி அப்ரண்டிஸ்களுக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை. ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இது குறைந்தபட்சம்தான். நிறுவனம் அதற்கு மேல் தரலாம். இந்த வரம்பை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஒப்பந்தத்தில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நல்லது.

பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயமா? இல்லை. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சேரும் முன்பே "முடிச்சவங்கள்ல எத்தனை பேரை எடுத்தீங்க சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஜெர்மனியில் எப்படி?

தொழிற்பயிற்சி என்றாலே உலகம் சுட்டிக்காட்டும் நாடு ஜெர்மனி. அங்கே பயிற்சியாளர் வாரத்தில் சில நாள் ஆலையிலும், சில நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். 1969-ல் வந்த அந்நாட்டுத் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சி முடியும்போது நிறுவனம் எழுத்துப்பூர்வமாகச் சான்று தர வேண்டும். என்ன பயிற்சி, எவ்வளவு காலம், என்னென்ன திறன்கள் பெற்றார் என்று அதில் இருக்க வேண்டும். 'இன்னாரிலிருந்து இன்னார் வரை இங்கே பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். நம்மூரில் கடிதம் வாங்கும்போதும் இந்த மூன்று விவரங்களையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கலாம்.

காகிதமே இல்லாமல் வெளியே வந்தவர்கள் என்ன செய்யலாம்?

வேலை தெரியும், சான்றிதழ் இல்லை என்பவர்களுக்காகவே 'முன் கற்றல் அங்கீகாரம்' என்ற முறை இருக்கிறது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி இது. முதலில் இருந்து படிக்க வேண்டியதில்லை. தெரிந்த வேலையைச் செய்துகாட்டி, மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், அரசு ஐடிஐ ஆகிய இடங்களில் இதுபற்றி விசாரிக்கலாம். மாணவர்களுக்கு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் உண்டு.

இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது?

"லைன்ல நின்னேன்" என்பதை இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்:

- "வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, டிராயிங் பார்த்து பாகங்களைப் பிரிப்பேன்."
- "மூன்று ஷிப்ட்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஷிப்ட் ரிப்போர்ட் நானே எழுதுவேன்."
- "புதுசா வந்தவங்களுக்கு மெஷின் பாதுகாப்பு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்."

மூன்றும் உண்மையாகச் செய்திருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். செய்யாததைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள நேரிடும். பழைய ஆளுக்கும் புதிய ஆளுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைப் பெற்றுத் தருவது இந்த மாதிரி நாலு வாக்கியங்கள்தான்.

வேலையை விட்டுக் கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

- நியமனக் கடிதம் அல்லது பதிவான அப்ரண்டிஸ் ஒப்பந்தப் பிரதி
- எல்லா மாத சம்பளச் சீட்டுகளும், வங்கிக் கணக்கில் பணம் வந்த விவரமும்
- யுஏஎன் எண், அதோடு இணைந்த செல்போன் எண், ஆதாரில் உள்ள பெயரோடு பொருத்தம்
- பிரிவு, வேலை, காலம் மூன்றும் குறிப்பிட்ட அனுபவக் கடிதம்
- பாதுகாப்பு, தரம் தொடர்பான பயிற்சிகளில் கலந்துகொண்டதற்கான சான்றுகள்
- அப்ரண்டிஸ் என்றால் தேர்வு, சான்றிதழ் எப்போது என்ற தகவல்

இவை எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, மெயிலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் பிரதி உங்களிடம் இருக்கும்.